உறைகுளிரிலும் ஓயாத ஓட்டம்

வெப்பம் மிகுந்தால் இரசாயன மாற்றம் விரையும். குளிர் மிகுந்தால் மந்தமாகும். பள்ளிக்கூடத்திலேயே நாம் கற்கும் பாடம் இது. கோடையில் மாவு விரைவில் புளிப்பதைக் கண்டு, நம் வீட்டுப் பெண்மணிகளும் இதனை அறிவர். இவ்விதியை மீறிய ஒரு நிகழ்ச்சியைக் கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிரினிடத்தே கண்டறிந்த வரலாற்றைக் கூற விழைகிறேன்.

அவ்வுயிர் ஊதாநிற பாக்டீரியா. பிராணவாயு இல்லாத சேற்றுநீரில் வாழ்வது. செடிகளைப் போலவே ஒளியைக் கொண்டு உணவு சமைப்பது. ஆயினும் பிராணவாயுவை வெளிவிடாதது. ஹாலந்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு நடத்திய வான் நீல், 1931-இல் இவ்வினத்தைப் பற்றிய தம் முடிவுகளை வெளியிட்டார். இவ்வுயிர் ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்திக் கந்தகத்தை ஒதுக்குகிறது. ஆகவே நீரைப் பயன்படுத்தும் செடி விடும் பிராணவாயுவும் கரியமில வாயுவிலிருந்து அன்று, நீரிலிருந்தே வரவேண்டும் என்பது அவர் வாதம். ஒரு சிற்றுயிரைக் கொண்டு ஆலமரத்தின் இரகசியத்தை உய்த்துணர்ந்த இந்தத் தருக்கத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது எனக்கு அரிதாகத் தோன்றுகிறது.

ஒளி பட்டவுடன் உள்ளே நிகழ்வது என்ன? பச்சையத்தை ஒத்த நிறமி ஓர் எலெக்ட்ரானை இழக்கிறது. இதனால் அதன் நிறம் சிறிது வெளிறுகிறது. அம்மாற்றத்தைக் கருவியால் அளந்தவர் டச்சு அறிஞர் டைசன்ஸ்; ஆண்டு 1952. இழந்த எலெக்ட்ரானை ஈடுசெய்வது சைட்டோகுரோம் என்னும் இரும்புச் சத்துள்ள புரதம். இந்த ஈடுசெய்தல் எவ்வளவு விரைவானது என்பதே அடுத்த கேள்வி.

அதற்கு விடை கண்டவர்கள் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிவால்ட், பிரிட்டன் சான்ஸ் இருவரும். (சான்ஸ் 1952 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றவருமாவார்!) 1966-இல் அவர்கள் குரோமேஷியம் என்னும் பாக்டீரியாவின்மேல் லேசர் ஒளியைக் கணப்பொழுது பாய்ச்சினர். சாதாரண வெப்பநிலையில், விநாடியின் பத்து இலட்சத்தில் சுமார் 2 பங்கு நேரத்துக்குள் பாதி வேலை முடிந்தது. குளிர்விக்கக் குளிர்விக்க வேகம் குறைந்தது. பூஜ்யத்துக்குக் கீழ் சுமார் 173 பாகை சென்டிகிரேடை அடைந்தபோது ஆயிரம் மடங்கு குறைந்திருந்தது. இதுவரை பாடப்புத்தகம் சொன்னபடியே! அதன்பின் நிகழ்ந்ததுதான் வியப்பு. மேலும் குளிர்வித்தும் வேகம் குறையவே இல்லை. மறு ஆண்டு பூஜ்யத்துக்குக் கீழ் 268 பாகைவரை சென்று பார்த்தனர். அங்கும் அதே வேகம்!

மலையைத் தாண்ட வலுவில்லாதவன் மலைக்குள் ஊடுருவி மறுபுறம் தோன்றுவது போல, எலெக்ட்ரான் தடையை ஊடுருவிச் செல்கிறது. குவாண்டம் விதி இதற்கு இடம் தருகிறது. உயிருக்குள்ளும் அவ்விதி நடப்பதற்கு இது தெளிந்த சான்றாயிற்று.

எலெக்ட்ரான் செல்லும் பாதையைப் படமாகவே காட்டியவர்கள் ஜெர்மானிய அறிஞர்களான மிகேல், டைசன்ஹோபர், ஹூபர் மூவர். 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். நிறமிகள் அடுத்தடுத்துப் படிக்கட்டுகள் போல் அமைந்துள்ளன. ஒவ்வொரு படியிலும் எலெக்ட்ரான் முன்னே செல்லும் வேகம், பின்னே திரும்பும் வேகத்தைவிடப் பன்மடங்கு அதிகம். அதனாலேயே, அங்கு வந்துசேரும் ஒளித்துளிகளில் ஏறக்குறைய ஒன்றுகூட வீணாவதில்லை.