தரங்கம்பாடிக் கடற்கரை மாளிகை

கடற்கரையில் எழுந்த பெருவிடுதிகளின் வரலாறு பெரும்பாலும் கப்பலின் வரலாறாகவும் இரயிலின் வரலாறாகவும் இருக்கக் காண்கிறோம். கொழும்பில் காலிமுகத் திடலின் ஓரத்தில் 1864இல் தோன்றிய விடுதியும், பினாங்கில் 1885இல் ஆர்மீனியச் சகோதரர்கள் நிறுவிய விடுதியும், பம்பாய்த் துறைமுகத்தின் முன்னே 1903இல் ஜம்ஷெட்ஜி டாட்டா திறந்த தாஜ்மகால் ஓட்டலும் நீராவிக் கப்பலில் வந்திறங்கிய செல்வர்களை நம்பி எழுந்தவை. பூரிக் கடற்கரையிலோ பங்காள நாகபுரி இருப்புப்பாதைக் கம்பெனியே ஒரு விடுதியை நடத்திற்று. இவையெல்லாம் செல்வம் வந்து சேர்ந்த இடங்களில் உண்டானவை. செல்வம் விலகிச் சென்றமையால் உண்டான விடுதி ஒன்று நம் தமிழகத்தில் இருக்கிறது. அது தரங்கம்பாடிக் கடற்கரை மாளிகை. அவ்வூரை விட்டுச் செல்வம் விலகியதில் இருப்புப்பாதைக்கும் பங்கு உண்டு. இருப்புப்பாதையின் உப்பைத் தின்று வாழ்பவன் என்ற முறையில் அதைப்பற்றி எழுதும் கடமை எனக்கும் சிறிது உண்டென்று கருதுகிறேன்.

பூம்புகாருக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே அமைந்த ஊர் தரங்கம்பாடி. சடங்கன்பாடி என்பது அதன் பழம் பெயர்களுள் ஒன்று. கடலலையின் நுனியிலே நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. டேனியர் இங்கு வந்து சேருமுன்பே இது வணிகர் அறிந்த துறை என்பதற்கு அக்கோயில் ஒன்றே போதிய சான்று.

1620ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டுக் கப்பற்படைத் தலைவர் ஓவே ஜெட்டே என்பவர் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை. நாயக்கர் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன் ஏட்டில் தமிழ் எழுத்தில் பொறித்து விடுத்த ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அந்நிய மன்னனுக்கு எழுதும்போதும் தமிழிலே எழுதலாம் என்று அன்றைய தஞ்சை அரசு எண்ணியது. பிற மாநிலத்தில் பிழைக்க வந்து, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க மாலை வகுப்பு நடத்தும் நாம் இதை இருமுறை படித்துப் பார்க்கலாம்.

டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையின் கீழ்த்தளத்தில் பண்டசாலைகளும் மேல்தளத்தில் அதிகாரிகளின் உறைவிடங்களும் இருந்தன. துணியும் மிளகும் ஏற்றுமதியாயின. நேரான தெருக்கள், மதில், ஊர் வாயில் என்று ஐரோப்பிய முறையில் ஒரு சிறு பட்டணம் வளர்ந்தது. 1706 ஜூலையில் சீகன்பால்கும் அவர் தோழர் புளுட்சோவும் இங்கே வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்றார், அச்சுப்பொறி வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டன. 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறிற்று. காகிதம் போதாமற் போகவே, அருகிலுள்ள பொறையாற்றில் ஒரு காகித ஆலையே அமைத்தனர். அவர் 1719இல் தமது 36ஆம் வயதில் காலமானார். அச்சுக்கலையின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. ஆதலால் இங்கே இவ்வளவோடு அமைகிறேன்.

நிற்க. 1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டனர். இரண்டேகால் நூற்றாண்டு ஆண்ட ஊர், விலைச்சீட்டு எழுதப்பட்டுக் கைமாறியது. அங்கே வாழ்ந்த குடிகளை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்காலத்தில் அது வழக்கமும் அன்று. ஆங்கிலேயர் தஞ்சை ஜில்லாவின் கலெக்டர் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மாற்றினர். கடற்காற்று வெள்ளையருக்கு ஒத்துக்கொண்டது என்பதும் ஒரு காரணமாய் இருக்கலாம். பதினைந்து ஆண்டுகள் அளவில் அவ்வூர் ஜில்லாத் தலைநகராய் விளங்கிற்று. கோட்டைக்கு அருகே, இராஜ வீதியின் கடல் முனையில் நிற்கும் வெண்ணிற மாளிகை ஆங்கிலக் கலெக்டர் குடியிருந்த இல்லம் என்றே சொல்லப்பட்டு வருகிறது.

பிறகு வந்தது இரயில். தென்னிந்தியப் பெரும் இருப்புப்பாதைக் கம்பெனி 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும், அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளிக்கும் பாதை திறந்தது. முதலில் அகலப் பாதை. 1870களில் அதையே மீட்டர் பாதையாகக் குறுக்கினர். நம் காலத்தில் மீண்டும் அகலமாக்கினர். இருப்புப்பாதைக்காரர்களின் புத்தி போகிற போக்கு அப்படி! எவ்வாறாயினும், இரயில் வந்து நிற்கும் துறைமுகம் இருக்க, மாட்டு வண்டியில் சரக்கை ஏற்றித் தரங்கம்பாடிக்கு எந்த வணிகன் செல்வான்? கப்பல்கள் நாகப்பட்டினத்துக்குத் திரும்பின. கலெக்டர் கச்சேரியும் 1860ஐ ஒட்டித் தஞ்சைக்குப் போய்விட்டது. துறைமுக வணிகம் இரயிலினால் மாண்டது என்று ஆங்கில அரசின் கெசட்டியரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறது.

இதே காலத்தில் மற்றோர் இடத்தில் நிகழ்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு இரயில் வந்தது. 1809இல் பட்டாளம் வந்தது முதலே சென்னை இராஜதானியிலிருந்து தமிழர் இங்கே வந்துகொண்டிருந்தனர் என்றாலும், இரயிலுக்குப் பின் அவ்வரவு பெருகிற்று. அல்சூரும் அதன் பக்கத்திலுள்ள நம் ஜோகுபாளையமும் தமிழ்க் குடும்பங்களால் நிறைந்தது அவ்வரலாற்றின் தொடர்ச்சியே. 1861இல் ஒரு பாதை ஓர் ஊரின் விளக்கை அணைத்தது. மூன்றே ஆண்டுகளில் மற்றொரு பாதை மற்றோர் ஊரில் விளக்கேற்றிற்று. தஞ்சைக் கரையில் பிழைப்பிழந்தவர்களுள் எத்தனை பேர் இப்பக்கம் வந்தனர் என்று எவரும் கணக்கெடுத்து வைக்கவில்லை. நம் காலனியிலேயே மாயவரம், பொறையாறு, சீர்காழிப் பக்கம் பூர்வீகம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் சில உண்டென்பது மட்டும் யாவரும் அறிந்ததே.

வணிகம் போனமையால் தரங்கம்பாடிக்கு ஒரு நன்மையும் விளைந்தது. பணம் பெருகும் ஊரில் பழைய வீடு நிலைப்பதில்லை. இடித்துவிட்டுக் கிடங்கு கட்டுவார்கள், கடை கட்டுவார்கள். தரங்கம்பாடியில் இடிக்கவும் எவரிடமும் பணம் இல்லை. ஆகவே 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இன் புதிய எருசலேம் ஆலயமும், 1792இல் கட்டிய ஊர் வாயிலும், தூண் வைத்த தாழ்வாரத்து வீடுகள் சிலவும் நின்றன. நின்றவை சிதைந்தும் கிடந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இராஜஸ்தானத்து நீம்ரானாக் கோட்டையை விடுதியாக்கிப் பெயர் பெற்ற நிறுவனத்தார் கலெக்டர் மாளிகையை எடுத்துப் பழைய அமைப்புக் கெடாமல் புதுக்கி விடுதியாக்கினர். இங்கு வந்து சென்ற டேனியக் கப்பல்களின் பெயர்களை அறைகளுக்குச் சூட்டினர்.

சில ஆண்டுகளுக்கு முன், தசராப் போனஸ் கைக்கு வந்த சமயம், நானும் என் இல்லாளும் அவ்விடுதியில் ஓர் இரவு தங்கினோம். வாடகையை இங்கே எழுதினால் நம் சங்கப் பொருளாளர் அடுத்த ஆண்டு என் சந்தாவை உயர்த்திவிடுவார். அண்ணாந்து பார்க்க வேண்டிய கூரை; ஒரு முழத்துக்கும் மேற்பட்ட கனமுள்ள சுவர்; கடலை நோக்கிய நீண்ட தாழ்வாரம். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்துவைத்தால் காற்றுக்குக் குறைவில்லை. அக்காலத்துக் கட்டடக்காரர்கள் காற்றையறிந்து வீடு கட்டினர் என்பதை அங்கே உடம்பினாலேயே உணரலாம். தாழ்வாரத்தில் அமர்ந்து காப்பி அருந்துகையில் என் இல்லாள், "இவ்வளவு பெரிய வீட்டைப் பெருக எத்தனை பேர் வேண்டியிருந்திருக்கும்? அவர்கள் எல்லாம் எங்கே படுத்துக்கொண்டார்களோ?" என்றாள். சரித்திர நூல்களில் நான் கண்டிராத கேள்வி அது. பங்கா இழுத்தவர், தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர் ஆகியோரின் பெயர் எந்த அறைக்கும் இல்லை. அவர்களும் தமிழர்தாம். முன்வாசலால் நுழைந்து, கையெழுத்திட்டு, சாவி வாங்கிக்கொண்டு அம்மாளிகையில் படுத்துறங்கும் உரிமை நம்மவர்க்கு வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அது காசினால் வந்த உரிமைதான். காசில்லாதவர்க்கு இன்றும் மணற்கரைதான். எனினும் கலெக்டரின் சேவகன் தடுத்ததற்கும் வாடகைப் பட்டியல் தடுப்பதற்கும் வேறுபாடு உண்டென்றே நான் நினைக்கிறேன். போனஸ் வருகிற ஆண்டில் பின்னதைத் தாண்டிவிடலாம்.

இவ்வளவு அழகிய கடல் எப்போதும் அழகாய் இருப்பதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பு நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது. கனத்த சுவர் கொண்ட மாளிகை நின்றது. ஓலைக் குடிசைகள் நிற்கவில்லை. விடுதியில் தங்கச் செல்வோர் கோட்டையையும் ஆலயங்களையும் பார்த்த பிறகு, மீனவர் தெருப் பக்கமும் சிறிது நடந்து வருவது முறை.

இரயிலின் கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1926இல், மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கிளைப்பாதை வந்தது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று நின்று நின்று செல்லும் சிறு வண்டி. சுமார் முப்பது கிலோமீட்டர்த் தூரம். துறைமுகம் மாண்டபின் வந்த பாதைக்குச் சரக்கு ஏது? பயணிகளை மட்டும் நம்பி ஓடிற்று. பேருந்து பெருகியதும் அவர்களும் இறங்கிவிட்டனர். 1980களில் வருவாய் இல்லை என்று பாதையை மூடினர். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மூடிய பாதையின் கணக்கை முடிக்கும்போது வரவு செலவு மட்டும் எழுதுவோம், அவ்வூரார் என்ன இழந்தனர் என்று எழுத அந்தப் படிவத்தில் பத்தி இல்லை. பாதையை மீண்டும் போடவேண்டும் என்று அப்பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர்.

இங்கிருந்து செல்ல விரும்பும் அன்பர்கள், மைசூரிலிருந்து பெங்களூர் வழியாகச் செல்லும் இரவு வண்டியில் ஏறி மறுநாட் காலை மயிலாடுதுறையில் இறங்கலாம். அங்கிருந்து பேருந்துதான். வழியில் தில்லையாடிக்கும் ஒரு நடை செல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று, 1914இல் பதினாறு வயதில் உயிர் நீத்த வள்ளியம்மையின் முன்னோர் ஊர் அது. பிழைக்கக் கடல் கடந்து போன குடும்பத்தின் பெண், ஜோகன்னஸ்பர்க்கிலே பிறந்தவள், இந்த ஊரைக் கண்ணால் காணாமலே போனாள். அடுத்த ஆண்டு, 1915இல், அவளுக்காகக் காந்தியடிகள் அவ்வூருக்கு வந்தார். அவள் நினைவாக அங்கே ஒரு மண்டபம் இருக்கிறது. அதைப் பார்க்கக் கட்டணம் அதிகம் இராது.