கப்பல் சீட்டும் கைச்செலவும்



"ஊருக்குப் போய்வர எவ்வளவு செலவாகும்?" நம் தோட்டங்களில் நூறாண்டுக்கும் மேலாக ஒலித்துவரும் கேள்வி இது. நம் முன்னோர் இதற்குக் கண்ட விடைகளை ஆராய்ந்தால் நம்முடைய வரலாற்றின் ஒரு பகுதி தெரியும். இன்று பயணம் போக எண்ணும் குடும்பத்துக்கு ஒரு பாடமும் கிடைக்கும்.

முதலில் வந்தவர்களுக்குக் கப்பல் கட்டணம் கடனாகவே இருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரின் சம்பளத்தில் அந்தக் கடன் பிடித்துக்கொள்ளப்பட்டது. அந்த முறை 1910-இல் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1907-இல், தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டிருந்தது. தோட்ட முதலாளிகள் கட்டிய வரியிலிருந்து அந்த நிதி சேர்ந்தது. கங்காணி அழைத்துவந்த தொழிலாளிக்கு அதிலிருந்தே கப்பல் சீட்டு எடுக்கப்பட்டது. தொழிலாளி தன் கையிலிருந்து கட்டணம் கொடுக்கவேண்டியதில்லை.

கேட்பதற்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிறர் எடுத்துத் தரும் சீட்டில், போகும் நாளையும் திரும்பும் நாளையும் பிறரே குறிக்கிறார்கள். 1920-களின் இறுதியில் நல்ல தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் இரப்பர் விலை விழுந்ததும் கூலி குறைந்தது, வேலையும் போயிற்று. பல்லாயிரம் பேர் இலவசச் சீட்டிலேயே இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சீட்டுக்குச் செலவில்லை, பிழைப்பு போய்விட்டது. 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் சொந்தப் பணத்தில் போய்வருவதே வழக்கமாயிற்று.

சொந்தப் பணம் என்றவுடன் வசதியின் படிகள் தோன்றுகின்றன. அந்நாளில் பலர் ஏறிய கப்பல் 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடியது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பதுதான் 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகம். சுற்று வட்டாரத் தோட்டத்தாரும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் இருந்தோரும் கிள்ளான் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அக்கப்பலில் கேபின் பயணிகள் சிலர்; டெக் பயணிகளோ ஆயிரக்கணக்கானோர். கேபினுக்குக் கட்டில், தனியறை, சாப்பாட்டு மேசை. டெக்கில் பாயை விரித்தால் அதுவே அறை; தலைமாட்டில் டிரங்குப் பெட்டி; பக்கத்தில் பிள்ளைகள். கரை சேர்ந்தபின்னும் டெக் பயணிகளுக்கு நோய்த்தடுப்பு முகாம்வாசம் காத்திருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வராது. படகேறிப் போய்த்தான் அதில் ஏறவேண்டும். கைக்குழந்தையோடு ஏறிய தாய்மார்கள் பட்ட சிரமத்தை எண்ணிப் பாருங்கள். இருவகைப் பயணிகளையும் ஒரே கடல்தான் சுமந்தது. ஒரே நாளில்தான் கரை சேர்ந்தார்கள். கூடுதல் பணம் வாங்கியது வசதியையே தவிர வேகத்தை அல்ல.

ஆனால் செலவு கப்பலோடு முடிவதில்லை. பெட்டி நிறையத் துணிமணி, உறவினருக்குப் பரிசு, ஊரில் கோயில் காரியம், கல்யாணம், கருமாதி, போதாக்குறைக்கு "மலாயாவிலிருந்து வந்தவர்" என்ற பெயருக்காக ஒரு செலவு. சீட்டு வாங்கத் தெரிந்தவர்கள்கூட இந்தக் கணக்கில் தடுமாறினார்கள். திரும்பிவந்தபின் முதல் சம்பளம் வரும்வரை மளிகைக் கடைக்கு எதைக் கொடுப்பது என்பதும் பயணச் செலவுதான்.

இவற்றைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. குடியுரிமை பெறாதவர் நாட்டைவிட்டுப் போனால், திரும்பி வருவதற்கு மறுநுழைவு அனுமதி வேண்டும். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுச் சென்றதாகச் சொல்லப்படுகிறது. கேபினில் போனாலும் டெக்கில் போனாலும், கையில் தாள் இல்லாதவருக்கு அது ஒருவழிப் பயணமே.

அந்தக் காலத்தில் வேறொரு கணக்கும் நடந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. ஊர்ப்பயணத்துக்குச் சேர்க்கத் தெரிந்த கைகள், இருக்கும் இடத்தைக் காக்கவும் சேர்த்தன.

'ரஜூலா' 1973-இல் ஓட்டத்தை நிறுத்தியது. அதற்குப் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் டெக்கின் இடத்தைப் பங்க் படுக்கைகள் பிடித்தன. 1985-இல் அது தீவிபத்துக்குள்ளானபின் அந்தக் கடல்வழியே மூடப்பட்டது. இன்று விமானத்தில் சில மணி நேரத்தில் திருச்சியிலோ சென்னையிலோ இறங்கிவிடுகிறோம்.

வாகனம் மாறினாலும் கணக்கு மாறவில்லை. 5,000 வெள்ளி சேர்த்திருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கடப்பிதழ், விசா, போகவும் வரவும் சீட்டு ஆகியவற்றுக்கு எடுத்து வையுங்கள். அடுத்து, திரும்பிவந்தபின் ஒரு மாத வீட்டுச் செலவை எடுத்துத் தனியே பூட்டி வையுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் வசதியின் அளவு. அது குறைவாக இருந்தால் உறவினர் வீட்டில் தங்கிப் பேருந்தில் போகலாம். நடுத்தரமானால் சிறு விடுதியும் இரயிலும். தாராளமானால் வாடகைக் கார். எந்தப் படியில் போனாலும் பாட்டன் பிறந்த ஊரின் மண் ஒன்றே.

பலர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். வசதியை முதலில் தீர்மானித்துவிட்டுக் குறைவதற்குக் கடன் வாங்குகிறார்கள். கடனில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கடனில் விமானம் ஏறவேண்டாம். இன்றிரவு பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து இந்தக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் எந்தக் கப்பலில், எந்தத் தளத்தில் வந்தார்கள் என்பதையும் கேட்டு அதே தாளில் குறித்து வையுங்கள்.