மகளின் பெயரில் வாழும் அன்னை: வீணை சண்முகவடிவு

தந்தையின் பெயரின் முதலெழுத்தைப் பிள்ளையின் பெயருக்கு முன்னே இடுவது தமிழர் வழக்கம். ஆனால், உலகம் போற்றிய இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயருக்கு முன்னே நிற்கும் இரண்டு எழுத்துகளும் ஊரையும் தாயையும் குறிப்பன. 'எம்' என்பது மதுரை. 'எஸ்' என்பது சண்முகவடிவு. அவ்வன்னையின் வாழ்வை நம் ஆலயத் திருவிழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

சண்முகவடிவு தேவரடியார் மரபில் வந்த இசைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் அக்கம்மாள் பிடில் வாசிப்பதில் தேர்ந்தவர். ஆலயங்களில் இசையையும் ஆடலையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது அம்மரபு. எனினும், அம்மரபுப் பெண்களின் கலையை விரும்பிக் கேட்ட சமுதாயம், அவர்களுக்கு உரிய மதிப்பைத் தர மறுத்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, பழிச்சொல்லுக்கு நடுவில் தம் மக்களைக் கலையால் உயர்த்த முனைந்தவர் சண்முகவடிவு.

மீனாட்சியம்மன் ஆலயத்தை அடுத்த வீதியில் இருந்த எளிய இல்லத்தில் மூன்று பிள்ளைகளும் இசையோடு வளர்ந்தனர். மகன் சக்திவேல் மிருதங்கமும், மகள் வடிவாம்பாள் வீணையும் பயின்றனர். 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் பிறந்த சுப்புலட்சுமிக்கு வாய்ப்பாட்டு அமைந்தது. தம்புராவைச் சுருதி சேர்த்து, அதனோடு குரல் இழையும்வரை பாடிப் பழகுவது அச்சிறுமியின் அன்றாடப் பயிற்சி. அன்னையின் வீணை ஒலியே அவருக்கு முதற்பாடம்.

மதுரை சேதுபதி பள்ளியில் அன்னை வீணை வாசித்துக்கொண்டிருந்தபோது, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியை அழைத்து வந்து மேடையில் பாடச் செய்தனர். 1926ஆம் ஆண்டில் சுப்புலட்சுமி முருகன்மீது பாடிய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் வீணை வாசித்தவரும் அன்னையே. தாமே கச்சேரி செய்யவல்ல கலைஞர், மகளின் குரலுக்குத் துணையாக அமர்ந்தார்.

தாயன்பிலும் துயரம் உண்டு. மகளின் எதிர்காலம் குறித்துத் தாய் எண்ணியது ஒன்று. மகள் விரும்பியது வேறு. 1936ஆம் ஆண்டில் சுப்புலட்சுமி வீட்டை விட்டுச் சென்னை சென்றார். 1940ஆம் ஆண்டில் சதாசிவம் அவர்களை மணந்தார். ஒவ்வொரு நாளும் மகளின் சுருதியைக் காத்த அன்னைக்கு அப்பிரிவு எத்துணை வேதனை தந்திருக்கும் என்பதைப் பெற்றோர் அனைவரும் உணர்வர். ஆயினும், மகள் அன்னையின் பெயரை விடவில்லை. புகழ் வளர்ந்தபோதும், மணமான பின்னும், அவ்விரு எழுத்துகளும் மாறவில்லை.

1966ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் பாடியபோதும், 1998ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருது பெற்றபோதும், சண்முகவடிவின் பெயரும் உடன் சென்றது. இசையரசி 2004ஆம் ஆண்டு இறையடி சேர்ந்தார். அவர் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் விடியற்காலையில் ஆலயங்களிலும் இல்லங்களிலும் ஒலித்து வருகிறது.

பிள்ளைகளைத் தேவார வகுப்புக்கு அழைத்து வந்து, வகுப்பு முடியும்வரை மண்டபத்தில் காத்திருக்கும் தாய்மார்கள் பலர். அவர்களின் பெயர் எந்த மேடையிலும் அறிவிக்கப்படுவதில்லை. பிள்ளையின் குரலில் சுருதி சேரும்போது, அதில் அவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது என்பதை நாம் மறவாதிருப்போம். அன்னையர் அனைவருக்கும் இறைவன் அருள் புரிவானாக!