கொல்லிமலையும் ஏட்டுச் சுவடியும்

திண்ணனூர் நாடு முதலிய பல நாடுகளையுடையது கொல்லிமலை. இங்குள்ள அறைப்பள்ளி, அப்பரடிகள் திருவாக்கிற் பயின்ற வைப்புத்தலமாம். இம்மலைக்குரிய வள்ளல் வல்வில் ஓரி. வன்பரணரும் கழைதின் யானையாரும் அவனைப் பாடிய செய்யுட்கள் புறநானூற்றில் உள்ளன. அந்நூல் நெடுங்காலம் ஏட்டளவில் நின்றது. உ. வே. சாமிநாதையரவர்கள் பல பிரதிகளை ஒப்புநோக்கி 1894ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்தனர். எனினும் 267, 268ஆம் செய்யுட்கள் கிடைத்தில. அவற்றிற் பாடப்பெற்றோர் யாவரென இன்று அறியவொண்ணாது. ஓரியைப் பாடியனவும் அவ்வாறே அழிந்திருப்பின், மலை நிற்கும். அவன் வில்லாண்மையும் கொடைத்திறனும் இத்துணை விளங்கித் தோன்றா. சிதைந்த கோயிலை மீட்டும் எடுப்பிக்கலாம். அழிந்த ஏட்டை மீட்டும் எழுதுவார் யார்? ஆதலின் ஏடு காத்தலும் திருப்பணியே என்க.