ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அறிவியல் ஆய்வு

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் மதுரை–தென்காசி சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆண்டாள் கோயிலுக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர்போன இந்த வட்டாரத்தில், கடந்த நாற்பது ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க அறிவியல் ஆய்வும் வளர்ந்துள்ளது. இதன் மையம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம். தி. கலசலிங்கம் 1984இல் நிறுவிய அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது. ராஜபாளையத்தில் 1973இல் தொடங்கிய ராஜுக்கள் கல்லூரியும் 2013இல் தொடங்கிய ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன.

குறியாக்கவியல், மருத்துவப் படிமவியல், கதிர்வீச்சு உயிரியல், பொருள் வேதியியல் ஆகிய நான்கு துறைகளையும் பெரும்பாலும் இந்த வட்டாரத்தை வைத்தே விளக்கிவிடலாம். கணிதமும் படிமவியலும் கிருஷ்ணன்கோவிலில் வேரூன்றின. மற்றவற்றை விளக்கப் பெரும்பாலும் பருத்தியே போதும்.

தனிநிலைக் கணிதமும் குறியாக்கமும்

இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நிதியுதவியுடன், தனிநிலைக் கணிதத்துக்கான தேசிய மேம்பட்ட ஆய்வு மையம் கிருஷ்ணன்கோவிலில் அமைந்தது. அதை வழிநடத்தியவர் கணிதவியலாளர் சு. ஆறுமுகம், அதற்கு முன் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கோட்டுருக்கள், சேர்வியல் குறித்த பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று இங்கிருந்து 2004 முதல் வெளிவருகிறது. கல்லூரியின் பெயர்ச் சுருக்கமான ‘ஏகேசிஇ’ அந்த இதழின் பெயரில் இன்றும் நிற்கிறது. எல்செவியரும், அதன்பின் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் அதை வெளியிட்டுள்ளன. சிற்றூர்க் கல்லூரி ஒன்றின் பெயரை உலகின் கோட்டுருவியலாளர்கள் மேற்கோள் பட்டியலில் எழுதும்படி செய்தது இந்த வட்டாரத்தின் பெரும் சாதனை என்று சொல்லலாம்.

கோட்டுரு என்பது சில முனைகளும், அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட அமைப்பு. விளிம்புகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் கொடுத்து, ஒவ்வொரு முனையிலும் சேரும் விளிம்புகளின் எண்களைக் கூட்டுவோம். எல்லா முனைகளின் கூட்டுத்தொகையும் வேறுவேறாக வந்தால் அது எதிர்மாயக் குறியீடு. ஒரே கோட்டில் நான்கு முனைகளும் மூன்று விளிம்புகளும் இருப்பதாகக் கொள்வோம். விளிம்புகளுக்கு 1, 3, 2 என்று கொடுத்தால் முனைகளில் 1, 4, 5, 2 கிடைக்கும், நான்கும் வேறு. 1, 2, 3 என்று கொடுத்தால் 1, 3, 5, 3 வரும். 3 இரண்டு முறை வந்துவிடுகிறது. ஒரே விளிம்பால் ஆன கோட்டுருவைத் தவிர, தொடர்புடைய எந்தக் கோட்டுருவுக்கும் இத்தகைய எண்முறை உண்டு என்று ஹார்ட்ஸ்ஃபீல்டும் ரிங்கெலும் 1990இல் ஊகித்தார்கள். அது இன்னும் நிறுவப்படவில்லை.

ஆறுமுகமும் அவருடன் பணியாற்றியவர்களும் நிபந்தனையைத் தளர்த்தினார்கள். அடுத்தடுத்த முனைகளின் கூட்டுத்தொகை மட்டும் வேறாக இருந்தால் போதும் என்றார்கள். மேலே பார்த்த 1, 3, 5, 3 இப்போது செல்லும்; இரண்டு மூன்றுகளும் அடுத்தடுத்து இல்லை. இந்த ‘இட எதிர்மாய’க் குறியீட்டை அவர்கள் வெளியிட்ட 2017இலேயே ஐரோப்பியக் குழு ஒன்றும் தனியாக இதே கருத்தை முன்வைத்தது. ஒரே விளிம்புக் கோட்டுருவைத் தவிர்த்த எல்லாத் தொடர்புடைய கோட்டுருக்களுக்கும் இது உண்டு என்ற ஊகத்தை ஜான் ஹேஸில்கிரேவ் 2018இல் நிகழ்தகவு முறையால் நிறுவினார். கிருஷ்ணன்கோவிலில் எழுந்த கேள்விக்கு அடுத்த ஆண்டே கடல் கடந்து விடை வந்தது. நல்ல கேள்வி கேட்பதும் ஆய்வுதான்.

இதே மையத்திலிருந்து நேரடியாகக் குறியாக்கவியலுக்குச் சென்ற வேலையும் உண்டு. மோனி நாவோரும் அடி ஷமீரும் 1994இல் காட்சிக் குறியாக்கத்தை அறிமுகப்படுத்தினார்கள். ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு துணைப்புள்ளிகளாகப் பிரித்து, கண்ணாடித் தாள் இரண்டில் அச்சிடுகிறார்கள். ஒவ்வொரு தாளிலும் இரண்டில் ஒன்று கறுப்பு, மற்றது தெளிவு. எது கறுப்பு என்பது குருட்டுத் தேர்வு. மூலப்புள்ளி வெள்ளையென்றால் இரு தாளிலும் ஒரே அமைப்பு. கறுப்பென்றால் எதிரெதிர் அமைப்பு. தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கறுப்புப் புள்ளி முழுக் கறுப்பாகவும் வெள்ளைப் புள்ளி பாதிக் கறுப்பாகவும் தெரியும். ஒரு தாளை மட்டும் வைத்திருப்பவருக்கு வெறும் இரைச்சல் மட்டுமே தெரியும். கணக்கிடும் ஆற்றல் எவ்வளவு இருந்தாலும் அதிலிருந்து எதையும் பெற முடியாது. படத்தை மீட்கக் கணினியே வேண்டாம், கண் போதும்.

பொது முறையில், பங்காளிகள் n பேரில் எந்த k பேர் சேர்ந்தாலும் படம் தெரியும். ஆறுமுகம், ரா. லட்சுமணன், லிவர்பூல் ஹோப் பல்கலைக்கழகத்தின் அதுல்ய நாகர் ஆகியோர் 2014இல் ‘டிசைன்ஸ், கோட்ஸ் அண்ட் கிரிப்டோகிராஃபி’ இதழில் வேறொரு வகையை ஆராய்ந்தார்கள். அதில் குறிப்பிட்ட ஒருவர் இல்லாமல் படம் திறக்காது. ஐவரில் மூவர் என்றால் பொது முறையில் 10 கூட்டணிகள் படத்தைத் திறக்கும். இவர்கள் முறையில் அந்த முதன்மையானவரும் மற்ற நால்வரில் இருவரும் சேர்ந்த 6 கூட்டணிகள் மட்டுமே. மருத்துவமனையில் ஒரு ஸ்கேன் படத்தைப் பார்க்க, சிகிச்சை தரும் மருத்துவரின் இசைவு கட்டாயம் என்று விதித்தால் இந்த அமைப்பு பொருந்தும். ஆனால் துணைப்புள்ளிகள் கூடக்கூடப் படம் பெரிதாகும், கறுப்பு வெள்ளை வேறுபாடு மங்கும். பெருக்கத்தின் குறைந்தபட்ச அளவுக்கும் வேறுபாட்டின் உச்ச அளவுக்கும் எல்லைகள் கண்டதும் அந்தக் கட்டுரையின் பங்களிப்பு. சாம்பல் நிறத்தின் நுண்ணிய படிகளில் நோய் தெரியும் எம்ஆர்ஐ படத்துக்கு இந்த மங்கல் உண்மையான தடை. அங்கே முழு மீட்பு தரும் வேறு முறைகள் தேவை.

மூளைப் படங்கள்

கலசலிங்கம் பல்கலைக்கழகத்தின் கருவியியல் துறையைச் சேர்ந்த குழு 2016இல் ‘அப்ளைடு சாஃப்ட் கம்ப்யூட்டிங்’ இதழில், எம்ஆர்ஐ மூளைப் படங்களில் கட்டியை இனம்காணும் முறை ஒன்றை வெளியிட்டது. டெயுவோ கோஹோனென் 1982இல் வகுத்த தன்னமைப்பு வரைபடத்தையும், தெளிவிலாத் தொகுப்பு முறையையும் அது இணைத்தது. ‘இது கட்டி, இது கட்டியல்ல’ என்று மருத்துவர் முன்கூட்டிக் குறித்துக் கொடுக்காமலே, படத்தின் புள்ளிகளைக் கணினி தானாக வகைப்படுத்துகிறது. வெண்பொருள், சாம்பல்பொருள், மூளைத் தண்டுவட நீர், கட்டி, கட்டியைச் சூழ்ந்த வீக்கம் ஆகியவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துகிடப்பதால், ஒரு புள்ளியைப் பகுதியளவு இதிலும் பகுதியளவு அதிலும் சேர்க்கும் தெளிவிலா முறை இங்கு கைகொடுக்கிறது.

இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் வெளிநாட்டுத் திறந்த படத்தொகுப்புகளில் சோதிக்கப்படுகின்றன. தென்மாவட்ட மருத்துவமனைகளின் பழைய கருவிகள் எடுக்கும், இரைச்சல் மிகுந்த படங்களில் அவை எப்படி நிற்கின்றன என்பதே நோயாளிக்கு முக்கியம். அந்தப் படங்களைப் பெற வேண்டுமானால் முன்சொன்ன குறியாக்கமும் உடன் வேண்டும்.

எம்ஆர்ஐயில் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை. சிடி ஸ்கேனில் உண்டு. தலைக்கு எடுக்கும் சிடி ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட் தரும். இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். இத்தகைய குறைந்த அளவுகள் உடலை என்ன செய்கின்றன என்பதற்கு மக்களிடையே கிடைத்த ஒரு சான்று தெற்கே கடற்கரையில் உள்ளது. கன்னியாகுமரி மாவட்ட மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கருநாகப்பள்ளியிலும் மணலில் மோனசைட்டு உண்டு. அதிலுள்ள தோரியம் ஓயாமல் கதிர்வீசுகிறது. கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரி 10.5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சு அளவு கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

பருத்தி: வயலிலிருந்து கட்டுத்துணி வரை

ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ‘எஸ்விபிஆர்’ என்ற முன்னெழுத்துடன் ரகங்களை வெளியிட்டுள்ளது. கதிர்வீச்சு உயிரியல் தமிழ்நாட்டுப் பருத்தி வயலுக்குள் முன்பே நுழைந்துவிட்டது. நெல் அறுவடைக்குப் பின் தரிசில் விதைக்கப்படும் எம்சியு 7 ரகம், விதைகளை எக்ஸ் கதிருக்கு உட்படுத்திக் கிடைத்த திடீர்மாற்றத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. எக்ஸ் கதிரால் மரபுப் பண்பை மாற்றலாம் என்று ஹெர்மன் முல்லர் 1927இல் பழ ஈக்களில் காட்டினார். அந்த அறிவு உழவரின் கைக்கு வந்த வழி இது.

பறித்த பருத்தியிலிருந்து மருத்துவப் பஞ்சு வரை உள்ள தூரத்தைக் கடக்க வேதியியல் வேண்டும். ராஜபாளையத்தின் தொழில் முன்னோடி பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லையும், 1939இல் ராமராஜு சர்ஜிக்கல் காட்டன் மில்லையும் தொடங்கினார். பறித்த பஞ்சில் மெழுகும் பெக்டினும் இருக்கும், தண்ணீர் ஒட்டாது. காஸ்டிக் சோடாவில் அழுத்தத்துடன் வேகவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்தால்தான் அது நீரை உறிஞ்சும். நல்ல சர்ஜிக்கல் பஞ்சு நீரில் போட்ட 10 நொடிக்குள் மூழ்க வேண்டும்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதி விசைத்தறிகள் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கின்றன. நாட்டின் மருத்துவமனைகளில் காயத்தின்மேல் படும் துணியில் பெரும்பங்கு இந்தத் தறிகளிலிருந்து போவது. நெய்த துணி நேரே காயத்துக்குப் போகாது. கிருமி நீக்க வேண்டும். நீராவி, எத்திலீன் ஆக்சைடு வாயு, காமாக் கதிர் என மூன்று வழிகள் உண்டு. காமாக் கதிருக்காக பாபா அணு ஆராய்ச்சி மையம் 1974இல் டிராம்பேயில் ஐசோமெட் நிலையத்தைத் திறந்தது.

வழக்கமாகக் கொடுக்கும் அளவு 25 கிலோகிரே. மனித உடல் முழுவதும் 4 அல்லது 5 கிரே பட்டால், சிகிச்சை கிடைக்காதவர்களில் பாதிப்பேர் பிழைக்க மாட்டார்கள். 25 கிலோகிரே அதைப் போல ஐயாயிரம் மடங்கோ அதற்கு மேலோ. கோபால்ட்–60 வீசும் காமாக் கதிர் கிருமியின் டிஎன்ஏவை நேராகவும் உடைக்கிறது, செல்லிலுள்ள நீரைப் பிளந்து எழும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளாலும் உடைக்கிறது. கடின உறைக்குள் வாழும் பாக்டீரிய வித்துகளுக்கும் பிழைப்பு இல்லாதபடி, ஒரு பொருளில் உயிருள்ள நுண்ணுயிர் எஞ்சும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகாத அளவில் இது கணக்கிடப்படுகிறது. துணியில் கதிரியக்கம் ஏறுவதில்லை. ஆனால் துணிக்கும் சேதம் உண்டு. டிஎன்ஏவை முறிக்கும் அதே கதிர் செல்லுலோசின் நீண்ட சங்கிலியையும் குளுக்கோஸ் கண்ணிகளுக்கிடையே வெட்டுகிறது. இழையின் வலிமை குறையும், வெண்மை மங்கி மஞ்சள் படியும். செல்லுலோசின் படிகப் பகுதிகளில் சிக்கிய தனியுறுப்புகள், கதிர்வீச்சு நின்ற பின்னும் வேலையைத் தொடரும். கிருமி சாக வேண்டும், துணி சாகக் கூடாது: கதிர்வீச்சு உயிரியலும் பொருள் வேதியியலும் சத்திரப்பட்டித் தறியில் சந்திப்பது இந்த இடத்தில்தான்.

கலசலிங்கம் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வு மையம் கிருமியைத் தடுக்க வேறொரு திசையில் முயன்றது. அனந்தபூர் ஸ்ரீகிருஷ்ணதேவராய பல்கலைக்கழகத்தில் பணியாற்றி இங்கு வந்த அ. வரதராஜுலுவும் உடன் ஆய்வாளர்களும், செல்லுலோசுக்குள்ளேயே செம்பு நுண்துகள்களை உருவாக்கினார்கள். லித்தியம் ஹைட்ராக்சைடும் யூரியாவும் கலந்த நீரை மைனஸ் 12 பாகை வரை குளிர்வித்தால் பருத்திச் செல்லுலோஸ் கரையும் என்பது சீனாவின் ஊஹான் பல்கலைக்கழகத்தில் லீனா சாங் கண்ட வழி. அப்படிக் கரைத்துத் திரும்பப் படியவைத்த படலத்தை இலைச்சாற்றில் ஊறவைத்து, பின் மயில்துத்தக் கரைசலில் இடுகிறார்கள். இலையின் பாலிஃபீனால்கள் செம்பு அயனிகளை அங்கேயே செம்புத் துகள்களாக மாற்றிவிடும்; வேறு நச்சு வேதிப்பொருள் வேண்டாம். 2016இல் வெளியான கட்டுரையில் பயன்பட்டது துளசி இலை, 2017இல் நாட்டு வாதுமை இலை. கிடைத்த படலங்கள் பாக்டீரியாவைத் தடுத்தன.

இவை இன்னும் படலங்களாகவே இருக்கின்றன. பேண்டேஜ் ஆக வேண்டுமானால் செம்பு எவ்வளவு வேகமாகக் கசிகிறது, காயத்தில் முளைக்கும் புதுத் தோல் செல்லையும் அது கொல்லுமா, 25 கிலோகிரே கதிர் பட்டபின் துகள்கள் இருந்த இடத்தில் இருக்குமா என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும். 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவி விதிகளின் கீழ் உரிமம் கேட்கும் எந்தத் தறிக்காரருக்கும் அந்த விடைகள் தேவைப்படும். ஆய்வகத்துக்கும் தறிக்கும் இடையே இங்கு ஒரு பேருந்துப் பயணத் தூரம்தான். சத்திரப்பட்டி நெசவாளரின் காஸ் துணியை கிருஷ்ணன்கோவில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சோதிப்பதே இந்த வட்டாரத்தின் அடுத்த ஆய்வாக இருக்க வேண்டும்.