குத்தாமல் வாங்கிய தங்கம்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எழுதிய கடிதத்தில் என்னை 'நம் கல்லூரியின் குத்துச்சண்டைத் தங்கம்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் மேடையில் இதே அறிமுகம்தான். நானும் கை கூப்பிச் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இந்த முறை உண்மையை எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. இன்றைய மாணவர்களும் இந்த மலரை வாசிக்கிறார்கள் அல்லவா?

1987. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அப்போது கிடையாது. அது வந்தது 1990-ல். நம் பக்கத்தில் கபடி உண்டு, சிலம்பம் உண்டு, ஹாக்கி உண்டு. குத்துச்சண்டை என்றால் அது மெட்ராஸ்காரன் சமாச்சாரம். வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று தெருத்தெருவாக மோதிக்கொண்டார்கள் என்பதே எங்களுக்குப் பின்னாளில்தான் தெரியும். 2021-ல் வந்த சினிமாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களும் நம்மில் உண்டு.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அறிவிப்பு வந்ததும் எங்கள் பி.டி. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அப்போது ஈர்க்குச்சி. "ஏலே, 48 கிலோவுல ஆளே கிடையாது. நீ போய் நின்னாலே போதும்" என்றார். நின்றேன். அந்த எடைப்பிரிவில் மொத்தம் இரண்டு பேர். மற்றவன் காலையில் தராசில் ஏறியபோது எடை கூடுதல். ஓடிப் பார்த்தான், எச்சில் துப்பிப் பார்த்தான், முள் இறங்கவில்லை. எனக்கு வாக்கோவர். கையுறை மாட்டாமலே தங்கப் பதக்கம்!

என்னோடு வந்தவன் ஒருவன் உண்டு. வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. விடியற்காலையில் சுலோசன முதலியார் பாலத்தில் ஓடி, ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவான். அவன் 54 கிலோ. அந்தப் பிரிவில் ஒன்பது பேர். ஒன்பது பேர் என்றால் டிராவில் ஒரு சங்கடம் இருக்கிறது. எட்டாகக் குறைக்க இரண்டு பேர் முதலில் மோத வேண்டும். அந்தச் சீட்டு இவனுக்கு விழுந்தது. மாலையில் மோதி ஜெயித்தான். மறுநாள் காலை காலிறுதியில், அன்றுதான் முதன்முதலாக ரிங்கில் ஏறிய ஒருவனிடம் மிக நெருக்கமான தீர்ப்பில் தோற்றான். தோற்கடித்தவன்தான் கடைசியில் சாம்பியன்.

குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் வெண்கலம். அந்த டிராவின் மறுபாதியில் ஒரே ஒரு சண்டை ஜெயித்தவனுக்குப் பதக்கம் கிடைத்தது. ஒரு சண்டை ஜெயித்த என் நண்பனுக்கு ஒன்றும் இல்லை. ஒரு சண்டைகூடப் போடாத எனக்குத் தங்கம்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்தச் சான்றிதழைக் காட்டி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நான் ஒரு வேலையில் சேர்ந்தேன். அவனும் அதே வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். காட்டக் காகிதம் இல்லை.

ஓர் எடைப்பிரிவில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை எதை வைத்து அளப்பது? அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு கையில் கிடைத்த விளையாட்டுப் பத்திரிகையை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன், குறிப்பாக அந்த 54 கிலோ, பான்டம்வெயிட்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதற்கு 118 பவுண்டு கணக்கு. 1960-களில் பிரேசிலின் ஈடர் ஜோஃப்ரே யாராலும் அசைக்க முடியாத சாம்பியன். அவரை ஜப்பானின் ஃபைட்டிங் ஹராடா 1965-லும் 1966-லும் தோற்கடித்தார். ஹராடாவை 1968-ல் ஆஸ்திரேலியப் பழங்குடி இளைஞர் லயனல் ரோஸ் வென்றார். ரோஸை 1969-ல் மெக்சிகோவின் ரூபன் ஒலிவாரெஸ் சாய்த்தார். ஒலிவாரெஸிடமிருந்து 1970-ல் சூச்சோ காஸ்டில்லோ பட்டத்தைப் பறித்தார். 1971-ல் அது திரும்பி வந்தது. 1972-ல் ரஃபேல் ஹெரெரா கொண்டுபோனார்.

இப்படிப் பட்டம் கைமாறிக்கொண்டே இருந்தால் அது ஆழமா, அல்லது எல்லோரும் சோப்ளாங்கியா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. இதைச் சோதிக்க நான் கண்டுபிடித்த வழி, அவர்கள் அடுத்த எடைக்கு ஏறியபோது என்ன ஆனது என்று பார்ப்பது. ஜோஃப்ரே 1973-ல், 37 வயதில், ஃபெதர்வெயிட் பட்டம் வென்றார். ஒலிவாரெஸ் 1974-ல் அதே எடையில் வென்றார். ஆகவே அந்தக் குளம் ஆழமானதுதான், சந்தேகமே வேண்டாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 54 கிலோவில் இந்தியாவுக்காக இறங்கியவர் நம்மூர்ப் பையன், சென்னை வெங்கடேசன் தேவராஜன். 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு நண்பனுக்குப் போன் போட்டேன். "நம்ம வெயிட்டுலே!" என்று கத்தினான். நம்ம வெயிட் இல்லை, அவன் வெயிட்.

நான்கு வருஷம் கழித்து, 1998-ல், அதே பாங்காக்கில் ஆசிய விளையாட்டு. மணிப்பூரின் டிங்கோ சிங் அதே 54 கிலோவில் தங்கம் வென்றார். தாய்லாந்துக்காரரை அவர் ஊரிலேயே தோற்கடித்து, இறுதியில் உஸ்பெகிஸ்தானின் தைமூர் துல்யாகோவையும் வென்றார். 1982-ல் கவுர் சிங்கிற்குப் பிறகு 16 ஆண்டுகளில் ஆசியாவில் நமக்குக் கிடைத்த முதல் குத்துச்சண்டைத் தங்கம் அது. இத்தனைக்கும் அணிப் பட்டியலில் முதலில் அவர் பெயரே இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். 2021-ல், 42 வயதில் காலமானார். பாவம்.

அப்படியானால் 54 கிலோவில் அப்போது நமக்கு ஆழம் இருந்ததா? இல்லை என்பதே என் கட்சி. தேவராஜன் ஒரு சிகரம், டிங்கோ ஒரு சிகரம், நடுவே பள்ளம். பின்னால் 2006 மெல்போர்ன் காமன்வெல்த்தில் தங்கம் வாங்கிய அகில் குமாரும் அப்படித்தான். அகிலின் கணக்கு சுவாரசியமானது. மெல்போர்ன் இறுதியில் அவர் வென்ற மொரீஷியஸின் புருனோ ஜூலி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அதே பெய்ஜிங்கில் உலக சாம்பியன் ரஷ்யாவின் வோதோபியானோவை 9-9 என்ற சமநிலையில் கவுண்ட்பேக் முறையில் அகில் வீழ்த்தினார். காலிறுதியில் மால்டோவாவின் கோஜனிடம் தோற்றார், கோஜனுக்கும் வெண்கலம். உலக சாம்பியனைச் சாய்த்தவர் வெறும் கையோடு திரும்பினார். பதக்கப் பட்டியலை மட்டும் பார்க்கிறவனுக்கு அகில் என்று ஒருவர் பெய்ஜிங் போனதே தெரியாது.

ஆழம் வந்தது அதற்கும் பிறகு. 2010-ல் எடைப்பிரிவுகளை மாற்றியபோது 54 என்பது 56 ஆனது. 2015 உலகப் போட்டியில் அசாமின் சிவ தாபா 56 கிலோவில் வெண்கலம். அவர் 60 கிலோவுக்கு ஏறிய பின், 2017-ல் டெல்லியின் கவுரவ் பிதூரி அதே 56-ல் வெண்கலம். அவர் போனதே வைல்டு கார்டில். அப்புறம் 56 போய் 57 வந்தது. 2023-ல் அதில் தெலங்கானாவின் முகமது ஹுசாமுதீன் வெண்கலம். மூன்று மாநிலம், மூன்று ஆள், எட்டு வருஷம். ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் தயாராக நிற்கிறார்.

பெண்களில் இதைவிடத் தெளிவு. 2019 டிசம்பரில் 51 கிலோ தேர்வுச் சண்டையில் மேரி கோமிடம் 9-1 என்று தோற்றவர் நிகத் ஜரீன். தோற்றவர்தான் 2022-ல் 52 கிலோவிலும், 2023-ல் 50 கிலோவிலும் உலக சாம்பியன். 2023-லேயே 48 கிலோவில் நீத்து கங்காஸ் இன்னொரு உலக சாம்பியன். வீட்டிலேயே தோற்று வெளியே நிற்பவர் யார் என்று பார்த்தால் போதும், அந்த எடையின் ஆழம் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஆள் பெயர் எந்தச் சான்றிதழிலும் இருக்காது.

ஒலிம்பிக்கில் 1992-ல் ஆண்களுக்கு 12 எடைப்பிரிவுகள். 2024 பாரிஸில் ஏழுதான். பெண்களுக்கு இடம் கொடுக்கக் குறைத்தார்கள், அது நியாயமே. ஆனால் நடு எடைகளில் நெரிசல் கூடிவிட்டது. என்னைப் போல ஆள் இல்லாத வாசல் பார்த்து நுழைவது இனி கஷ்டம்.

1987-ன் அந்த ஒன்பது பேர் டிரா தாளை நண்பன் இன்னும் வைத்திருக்கிறான், மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் செல்லோடேப் ஒட்டி. போன மாதம் அவன் வீட்டுக்குப் போய், இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று கேட்டேன். தாளை எடுத்து நீட்டினான். "எழுதுலே. பேரு ஒண்ணும் போடாதே, அதுல ரெண்டு பேரு இப்போ இல்ல" என்றான். பிறகு, "அந்த 48 கிலோக்காரன் எடை கூடிட்டான்னு சொன்னாவளே, அவன் ராத்திரி என்னதாம்ல தின்னான்?" என்று கேட்டான்.

இந்தச் சந்திப்புக்கு அவனும் வருகிறான். மேடையில் அறிமுகம் செய்பவர் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வரவும்.