தூணும் கணக்கும்

காரைக்குடியில் பிரித்து விற்ற தூண்கள் இன்று நகரத்துப் புது வீடுகளின் கூடங்களில் நிற்கின்றன. கேட்டால், 'பாரம்பரியம்' என்கிறார்கள். யாருடைய பாரம்பரியம்? தேக்கு பர்மாவுடையது. வீடு கட்டிய பணத்திலும் பெரும்பங்கு அங்கே கொடுத்த கடனின் வட்டிதான். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயி நிலத்தை விட்டான். 1938இல் அது 25 சதவீதம். 1942இல் ஜப்பான் படை வந்தது; 1948இல் நில தேசியமயச் சட்டம். வரவு நின்றது, வீடுகள் பூட்டப்பட்டன, பிறகு துண்டுதுண்டாக விலைபோயின. தூணைத் துடைத்து எண்ணெய் பூசும்போது இந்தக் கணக்கும் சேர்ந்தே துடைபட்டுப் போகிறது. பாரம்பரியம்ங்கிற சொல் செய்கிற வேலை இதுதான்.